மூன்று வரியில் விளக்க முடியாத ஃபங்ஷன்: லைப்ரரி எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் சித்தி மகன் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்குப் போன் செய்தான். அரிசி ஆலை ஒன்றுக்குப் பில் போடும் நிரல் எழுதிக்கொண்டிருந்தான். பில்லின் அடியில் தொகையை எழுத்தால் அச்சிட வேண்டும். அதற்கு நான் எப்போதோ எழுதி வைத்த சின்னப் பைத்தான் லைப்ரரியை (பிறர் எடுத்துப் பயன்படுத்த எழுதி வைக்கும் நிரல் தொகுப்பு) எடுத்திருந்தான்.

"அண்ணே, இதுல கடைசியா வார ட்ரூ எதுக்கு?"

பாளையங்கோட்டையில் என் வீட்டு மேசையில் அந்த நிரலைத் திறந்தேன். ஃபங்ஷனின் பெயர் 'மாற்று'. அதை அழைக்கும் வரி இது:

மாற்று(125000, ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ, 2, "ரூ")

எனக்கும் நினைவில்லை. "நீங்கதானண்ணே எழுதுனிய?" என்றான். "பாத்துச் சொல்லுதேன்டே" என்று போனை வைத்துவிட்டு, உள்ளே நாற்பது வரி படித்த பிறகுதான் தெரிந்தது. தொகைக்குப் பின்னால் 'மட்டும்' என்று சேர்ப்பதா வேண்டாமா என்பதைச் சொல்லும் ட்ரூ அது. எழுதியவனே நாற்பது வரி படிக்க வேண்டியிருந்தால் அடுத்தவன் என்ன செய்வான்?

அந்த லைப்ரரியை அப்புறம் முதலிலிருந்து எழுதினேன். அப்போது கற்றுக்கொண்டதை நான் செய்த வரிசையிலேயே இங்கே வைக்கிறேன். ஓரளவு பைத்தான் தெரிந்தால் போதும். எந்த மொழியில் எழுதுகிறவருக்கும் பெரும்பகுதி பொருந்தும். உதாரணங்களில் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறேன். 2008-இல் வந்த பைத்தான் 3 முதல் மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் தமிழ்ப் பெயர் வைக்கலாம். ட்ரூ, ஃபால்ஸ் போன்ற மொழிச் சொற்களை மட்டும் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், அவற்றை அப்படியே தட்டினால் ஓடாது.

ஏபிஐ என்றால் என்ன என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். (அல்வாவை உவமைக்கு இழுக்க மாட்டேன். திருநெல்வேலிக்காரன் எதை எழுதினாலும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.) குளத்து மடையில் பலகையைத் தூக்கினால் வயலுக்குத் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீர் பாபநாசத்திலிருந்து எந்த அணைக்கட்டு தாண்டி, எந்தக் கால்வாய் வழியாகக் குளத்துக்கு வந்தது என்று மடை திறப்பவர் யோசிக்க வேண்டியதில்லை. அந்தப் பலகைதான் ஏபிஐ. லைப்ரரியில் வெளியாள் கை வைக்கும் இடம் அது மட்டுமே. பலகையை எந்தப் பக்கம் தூக்க வேண்டும், எவ்வளவு தூக்கினால் எவ்வளவு பாயும் என்று சொல்வது ஆவணம்.

படி 1: நிரலுக்கு முன்னால் ஆவணம்

புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து, லைப்ரரி ஏற்கெனவே முடிந்துவிட்டது போல நினைத்துக்கொண்டு, பயன்படுத்துகிறவர் எழுதும் வரியை எழுதுங்கள். நீங்கள் ஆசைப்படுகிற வரியை எழுத வேண்டும். உங்களுக்குச் செய்ய முடிந்த வரி எது என்று இந்தக் கட்டத்தில் பார்க்காதீர்கள். நான் எழுதியது இது:

தொகை_எழுத்தில்(125000)

விடை: "ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் ரூபாய்".

இவ்வளவுதான். இதில் ட்ரூவும் இல்லை, ஃபால்ஸும் இல்லை. நிரலை முதலில் எழுதினால், உள்ளே நமக்கு எது வசதியோ அதெல்லாம் பாராமீட்டராக (அழைக்கும்போது கொடுக்க வேண்டிய மதிப்பாக) வெளியே வந்து நிற்கும். ஆவணத்தை முதலில் எழுதினால், கேட்பவருக்கு எது வேண்டுமோ அது மட்டும் நிற்கும்.

பைத்தான் உலகில் இதற்குத் தெரிந்த உதாரணம், இணையப் பக்கங்களை எடுத்துத் தரும் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரி. 2011-இல் கென்னத் ரைட்ஸ் வெளியிட்டது. அதற்கு முன்பே அதே வேலைக்குப் பைத்தானோடு யூஆர்எல்லிப்2 இருந்தது, வேலையும் செய்தது. ஆனால் கடவுச்சொல் கேட்கும் ஒரு பக்கத்தை எடுக்க பாஸ்வேர்ட் மேனேஜர், ஹேண்ட்லர், ஓப்பனர் என்று ஒவ்வொன்றாக உருவாக்கி ஒன்றுக்குள் ஒன்றைக் கோர்க்க வேண்டும். ரெக்வெஸ்ட்ஸில் அது ஒரு வரி. எல்லாரும் அதற்கு மாறியது வேகத்துக்காக அல்ல. நினைவில் நிற்கிற ஒரு வரிக்காக.

படி 2: கருத்து, பதப்பொருள், காட்டு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் சூத்திரங்களால் ஆனது. சூத்திரம் சுருக்கமானது, இறுக்கமானது, உரை இல்லாமல் பலருக்கும் புரியாது. நம் ஃபங்ஷன் போலத்தான். அந்த உரையை எப்படி எழுத வேண்டும் என்பதற்கும் அதே நூலின் பாயிரத்திலேயே இலக்கணம் இருக்கிறது. உரை இரண்டு வகை. சுருக்கமானது காண்டிகை. அதற்கு வேண்டியவை கருத்து, பதப்பொருள், காட்டு, அவற்றோடு வினா விடை. விரிவானது விருத்தி. அந்த நன்னூலுக்கு விருத்தியுரை எழுதியவர் நம் திருநெல்வேலி சங்கர நமச்சிவாயர். அதைப் பின்னால் திருத்திப் புதுக்கியவர் பாபநாசத்துக்குப் பக்கத்து விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர். ஒருவர் எழுதிய ஆவணத்தை இன்னொருவர் திருத்தி அடுத்த பதிப்பு விடுவது பொருநைக் கரைக்குப் புதிதல்ல.

ஃபங்ஷனுக்கு உள்ளே அதன் விளக்கமாக எழுதும் டாக்ஸ்ட்ரிங்கை நான் இப்போது காண்டிகை உரையாகத்தான் எழுதுகிறேன். கருத்து: இது என்ன செய்கிறது, ஒரு வாக்கியம். பதப்பொருள்: உள்ளே போகும் ஒவ்வொன்றும் என்ன, எந்த வகை, வெளியே வருவது என்ன. காட்டு: ஓர் அழைப்பும் அதன் விடையும்.

கருத்து: ரூபாய்த் தொகையைத் தமிழ்ச் சொற்களாகத் தரும்.
பதப்பொருள்: ரூபாய், பைசா இரண்டும் முழு எண்கள். பைசா 0 முதல் 99 வரை, கொடுக்காவிட்டால் 0.
காட்டு: தொகை_எழுத்தில்(1250, பைசா=50) என்றால் "ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய் ஐம்பது பைசா".

மூன்று வரி. இந்த மூன்று வரிக்குள் அடங்காத ஃபங்ஷன் வந்தால் ஆவணத்தை நீட்டாதீர்கள், ஃபங்ஷனைத் திருத்துங்கள். 'மாற்று' என்ற பழைய ஃபங்ஷனுக்கு இதே முறையில் எழுதிப் பார்த்தேன். கருத்தில் "அல்லது" மூன்று முறை வந்தது. பதப்பொருள் பத்து வரி ஓடியது. காட்டு ஒன்று போதாமல் ஆறு வேண்டியிருந்தது. விளக்கத்தில் "ஆனால்", "அல்லது", "இருந்தாலும்" என்று சேரச் சேர, குறை விளக்கத்தில் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

படி 3: பாராமீட்டர்களைக் கழித்தல்

பழைய ஃபங்ஷனின் ஐந்து கூடுதல் பாராமீட்டர்களையும் ஒவ்வொன்றாக விசாரித்தேன். இது ஏன் வந்தது?

முதல் ட்ரூ, சொற்களை ஒட்டி எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதற்கு. 'ஆயிரத்திருநூற்றைம்பது' என்று ஒட்டலாம், 'ஆயிரத்து இருநூற்று ஐம்பது' என்று பிரிக்கலாம். அன்றைக்கு எனக்கு முடிவெடுக்கத் தயக்கம், அதனால் அந்த வேலையைப் பயன்படுத்துகிறவர் தலையில் தள்ளிவிட்டேன். பில்லைப் படிக்கிறவருக்குப் பிரித்து எழுதுவதுதான் சுலபம். முடிவு செய்து பாராமீட்டரை எடுத்துவிட்டேன். இரண்டாவது, 'லட்சம்' என்பதா 'இலட்சம்' என்பதா. பில்லில் ஊரே எழுதுவது லட்சம். அதுவும் போயிற்று. 'மட்டும்' சேர்ப்பது? கிடைத்த விடையோடு வேண்டியவர் தானே ஒட்டிக்கொள்ளலாம், ஒரு கூட்டல் குறிதான். 'ரூ' என்பது அலகு. டாலருக்கும் பயன்படட்டும் என்று நினைத்தேன் போல, இன்று வரை யாரும் கேட்கவில்லை.

அந்த 2? பின்ன எண்ணில் எத்தனை இலக்கம் என்பதற்கு. அது தனிக் கதை, படி 5-இல் வருகிறது.

ஆக மிஞ்சியது ரூபாய், பைசா. பைசாவைப் பெயர் சொல்லித்தான் கொடுக்க முடியும் என்று வைத்திருக்கிறேன். பைத்தானில் ஃபங்ஷன் தலைப்பில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் அதற்குப் பின் வருவதெல்லாம் பெயரோடுதான் வர வேண்டும். இந்த ஒரு குறி போட்டிருந்தால் அந்த இரவு போனே வந்திருக்காது. வரியிலேயே 'மட்டும்=ட்ரூ' என்று நின்றிருக்கும்.

எண்ணிக்கை குறைந்தால் மட்டும் போதாது, வரிசையும் சீராக இருக்க வேண்டும். பிஎச்பி மொழியில் ஓர் எழுத்துச் சரத்துக்குள் தேடும் ஸ்ட்ர்பாஸ், எங்கே தேடுவது என்பதை முதலில் கேட்கும், எதைத் தேடுவது என்பதை அப்புறம் கேட்கும். பட்டியலுக்குள் தேடும் இன்_அர்ரே அதற்கு நேர்மாறாகக் கேட்கும். பல வருஷம் பிஎச்பி எழுதினவர்களும் இன்னும் கையேட்டைத் திறந்து பார்த்துக்கொள்கிறார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் தேதி இன்னொரு குழி. அதில் நாள் 1-இல் தொடங்கும், மாதம் 0-இல் தொடங்கும். 2024 பொங்கலைக் குறிக்க 2024, 1, 15 என்று கொடுத்தால் பிப்ரவரி 15 வந்து நிற்கும். ஜாவாவின் ஆரம்பகாலத் தேதி வகையிலிருந்து வந்த வழக்கம் இது. ஜாவா 2014-இல் எட்டாம் பதிப்போடு புதிய தேதி லைப்ரரியைக் கொண்டுவந்து, மாதத்தை 1-இலிருந்து எண்ணத் தொடங்கியது. இந்த விவரம் ஆவணத்தில் ஆரம்பம் முதல் இருந்ததுதான். ஆவணத்தில் எழுதிவிட்டோம் என்பதால் வளைந்த ஏபிஐ நிமிர்ந்துவிடாது.

படி 4: பெயர்

"திருநெல்வேலி" என்ற சொல்லின் நீளம் என்ன? நம் கணக்கில் எழுத்து ஆறு: தி, ரு, நெ, ல், வே, லி. பைத்தானில் நீளம் சொல்லும் லென்னைக் கேட்டால் 12 என்னும். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் 'தி' என்பது 'த' ஒரு குறியீடு, இகரக் குறி இன்னொரு குறியீடு, 'ல்' என்பதில் புள்ளிக்குத் தனிக் குறியீடு. இதே சொல்லை யுடிஎஃப்-8 என்ற முறையில் கோப்பில் சேமித்தால் 36 பைட். மூன்றும் சரியான விடைதான். அதனால் தமிழ் உரையோடு வேலை செய்யும் லைப்ரரியில் 'நீளம்' என்று ஒரு ஃபங்ஷன் இருந்தால் அந்தப் பெயரே பிழை. எழுத்து_எண்ணிக்கை, குறியீட்டு_எண்ணிக்கை, பைட்_எண்ணிக்கை என்று சொல்லிவிட்டால் பாதி ஆவணம் பெயரிலேயே முடிந்துவிடும்.

'மாற்று', 'செய்', 'தகவல்' போன்ற பெயர்களும் அப்படித்தான். எதை எதுவாக மாற்றுவது? சத்தமாகப் படித்துப் பாருங்கள். போனில் ஒருவருக்குச் சொல்லிப் புரிகிற பெயர்தான் நல்ல பெயர்.

ஒரு சின்ன அபிப்பிராயம். வெளியே கொடுக்கும் லைப்ரரியில் ஃபங்ஷன் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே வைக்கிறேன். ஒரே வரியில் இரண்டு மூன்று தடவை விசைப்பலகையை மாற்றுவது பெரிய தொல்லை. ஆவணத்தை மட்டும் தமிழில் எழுதுகிறேன். தமிழ்ப் பெயரே வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

படி 5: உள்ளே வருவதைக் கண்டிப்பாகப் பார்ப்பது

பழைய ஃபங்ஷன் 1250.50 என்று பின்ன எண்ணை வாங்கிக்கொண்டது. கணினிக்குள் அந்த வகை எண் இரண்டடிமானத்தில் (0, 1 மட்டும் கொண்ட கணக்கில்) பெரும்பாலும் தோராயமாகத்தான் இருக்கும். பைத்தானில் 0.1 + 0.2 கேட்டால் 0.30000000000000004 வரும். 2.675-ஐ இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கச் சொன்னால் 2.68 வராது, 2.67 வரும். ஆலைக்காரர் கணக்கில் ஒரு பைசா இடித்தால் பைத்தானையா திட்டுவார்? அதனால்தான் ரூபாய் தனி, பைசா தனி, இரண்டும் முழு எண் என்று வைத்தேன். பின்ன எண் வந்தால் ஃபங்ஷன் வாங்காது.

வாங்காதபோது என்ன சொல்கிறது என்பதும் ஆவணம்தான். சொல்லப்போனால் அதிகம் பேர் படிக்கும் ஆவணம் அதுதான். கையேட்டைத் திறக்காதவரும் எரர் செய்தியைப் படித்தே ஆக வேண்டும். "தவறான உள்ளீடு" என்று மட்டும் சொல்வது, கலெக்டர் ஆபீசில் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "சரியில்ல, போயிட்டு வாங்க" என்று சொல்வது மாதிரி. எது சரியில்லை, எங்கே போக, யாரிடம் கேட்க? என் செய்தி இப்போது இப்படி இருக்கிறது:

"1250.5 என்ற பின்ன எண் வந்திருக்கிறது. ரூபாயும் பைசாவும் தனித்தனி முழு எண்களாக வேண்டும். இப்படிக் கொடுங்கள்: தொகை_எழுத்தில்(1250, பைசா=50)".

வந்தது என்ன, வேண்டியது என்ன, அடுத்து செய்ய வேண்டியது என்ன. திருத்திய வரியையே கையில் கொடுத்துவிட்டால் எடுத்து ஒட்டிக்கொள்வார்கள்.

படி 6: முதல் பக்கம்

ரீட்மீ கோப்பு, அதாவது லைப்ரரியை எடுப்பவர் முதலில் படிக்கும் பக்கம். லைப்ரரி என்ன செய்யும் என்று ஒரு வாக்கியம், நிறுவும் வரி, ஓர் உதாரணம் விடையோடு, எந்தப் பைத்தான் பதிப்பில் ஓடும், என்ன செய்யாது. இதற்கு மேல் முதல் பக்கத்தில் எதுவும் வேண்டாம். சின்னங்களும் பட்டைகளும் வைத்து அலங்கரிப்பது உங்கள் இஷ்டம்.

லைப்ரரி பெரிதாகும்போது ஆவணத்தைப் பிரிக்க வேண்டி வரும். டானியேல் புரொச்சீதா வகுத்த டயாடாக்சிஸ் என்ற முறை நான்கு வகை சொல்கிறது: புதியவரைக் கைபிடித்து நடத்தும் பாடம், குறிப்பிட்ட வேலையை முடிக்கும் செய்முறை, தேடிப் பார்க்கும் அகராதி, ஏன் இப்படி என்ற விளக்கம். ஒன்றை இன்னொன்றோடு கலக்காதே என்பதுதான் அதன் சாரம். அவசரமாகப் பாராமீட்டர் தேடி வந்தவருக்கு யூனிகோட் வரலாறு வேண்டாம். மூன்று ஃபங்ஷன் உள்ள லைப்ரரிக்கு நான்கும் தேவையில்லை. செய்முறையும் அகராதியும் போதும்.

படி 7: பத்துக் குற்றம்

எழுதி முடித்த ஆவணத்தைச் சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல பட்டியல் மறுபடியும் நன்னூல் பாயிரத்தில்தான் இருக்கிறது. நூலுக்கு ஆகாத குற்றம் பத்து என்கிறது. கல்லூரியில் மனப்பாடம் செய்து மறந்த அந்தப் பட்டியலை என் பழைய ரீட்மீயின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

குன்றக் கூறல்: சொல்ல வேண்டியதை விடுவது. 0 கொடுத்தால் 'பூஜ்யம் ரூபாய்' வருமா, வெற்றிடம் வருமா என்று நான் எங்கும் சொல்லவில்லை. மிகைபடக் கூறல்: லைப்ரரி பிறந்த கதை இரண்டு பத்தி, அதற்குக் கீழேதான் நிறுவும் வரி. கூறியது கூறல் எல்லா லைப்ரரியிலும் உண்டு. 'பயனர்_பெயர்_எடு' என்ற ஃபங்ஷனுக்கு ஆவணம் "பயனர் பெயரை எடுக்கும்". அந்த வரியை எழுதாமல் இருந்திருக்கலாம். பெயர் சொல்லாததைச் சொல்ல வேண்டும்: பயனர் இல்லாவிட்டால் என்ன வரும்?

மாறுகொளக் கூறல்தான் ஆபத்தானது. ரீட்மீ ஒன்று சொல்ல, நிரல் இன்னொன்று செய்யும். ஆவணமே இல்லாவிட்டால் நிரலைப் படித்தாவது தெரிந்துகொள்வான். பொய்யான ஆவணம் அவனுக்கு அல்வா கொடுத்துவிடும். மயங்க வைத்தலுக்கு மேலே சொன்ன 'நீளம்' உதாரணம். வழூஉச்சொல் புணர்த்தல்: எண்ணுக்கும் இலக்கத்துக்கும் வித்தியாசம் பார்க்காமல் மாற்றி மாற்றி எழுதியிருந்தேன். வெற்றெனத் தொடுத்தல்: "எளிமையான, வேகமான, சக்திவாய்ந்த லைப்ரரி". வெறும் சத்தம். மற்றொன்று விரித்தல்: எண் பெயர்களைப் பற்றி ஆரம்பித்து ஜிஎஸ்டியில் போய் நின்ற ஒரு பத்தி.

சென்று தேய்ந்து இறுதல் என்றொரு குற்றம். ஆரம்பத்தில் அமர்க்களமாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து முடிவது. எத்தனையோ லைப்ரரிகளின் ஆவணம் முதல் இரண்டு பக்கம் படங்களோடு ஜொலிக்கும். ஐந்தாம் பக்கத்தில் தலைப்பு மட்டும் இருக்கும், கீழே "விரைவில்". என்னுடையதிலும் ஒரு "விரைவில்" மூன்று வருஷமாகக் கிடந்தது. எழுதாத பக்கத்துக்குத் தலைப்பும் வைக்காதீர்கள். பத்தாவது குற்றம் நின்று பயனின்மை. மேலே உள்ள ஒன்பதும் இருந்தால் அது தானே வந்துவிடும்.

படி 8: காட்டு ஓட வேண்டும்

மாறுகொளக் கூறலுக்குக் கைவசம் மருந்து உண்டு. பைத்தானோடு 2001 முதல் வரும் டாக்டெஸ்ட் என்ற கருவி, டாக்ஸ்ட்ரிங்கில் நீங்கள் எழுதிய உதாரணத்தை எடுத்து ஓட்டிப் பார்த்து, நீங்கள் சொன்ன விடையும் வந்த விடையும் ஒன்றா என்று சொல்லும். உதாரணத்தை இப்படி எழுத வேண்டும்:

>>> தொகை_எழுத்தில்(999)
'தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய்'

நிரலை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதை ஓட்டுங்கள். ஆவணம் பழசானால் அதுவே கத்தும்.

எந்த உதாரணத்தை வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். 5, 20, 300 என்று வழுக்கிக்கொண்டு போகிற எண்களை வைத்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. சிக்கல் இருக்கிற இடத்தில் உதாரணம் வையுங்கள். தமிழில் 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், 9000 ஒன்பதாயிரம். முதல் இரண்டும் ஒரு தினுசு, மூன்றாவது வேறு தினுசு. 11 பதினொன்று, 12 பன்னிரண்டு. 1,00,000 'லட்சம்' ஆகி முடியும், 1,00,001 'லட்சத்து' ஆகித் தொடரும். என் ஆவணத்தில் உள்ள ஏழு உதாரணங்களும் இப்படிப்பட்டவைதான். அவற்றைப் பார்த்தாலே லைப்ரரிக்கு எவ்வளவு தெரியும் என்று தெரிந்துவிடும்.

படி 9: இயலாததைச் சொல்வது

1971-இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் வெளியிட்ட யூனிக்ஸ் இயங்குதளக் கையேட்டின் முதல் பதிப்பிலேயே 'பக்ஸ்' (பிழைகள்) என்று ஒரு தலைப்பு உண்டு. இந்தக் கட்டளையில் எங்களுக்குத் தெரிந்த குறை இது என்று எழுதியவர்களே சொல்லியிருப்பார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் உரை லைப்ரரி ஒன்றில் அந்தத் தலைப்பின் கீழ் இருப்பது: "'பொருநை' என்ற சொல்லின் 'பொ' இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம். 'ப'வோடு ஒகரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக இருக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிட்டால் வேறு என்று வரும். இந்த லைப்ரரி அதைச் சரி செய்யாது. முதலில் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே குறியீடாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றிவிட்டுக் கொடுங்கள்." இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள் முழுக்க இந்தப் பிழையைத் தேடித் திரிந்தவன் நான். அடுத்தவருக்கு அந்த நாள் மிச்சம்.

இங்கே ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மென்பொருள் கம்பெனி ஆபீசில் சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரைக் கேட்கலாம். கல்லிடைக்குறிச்சியிலோ களக்காட்டிலோ வீட்டு மாடியில் உட்கார்ந்து தனியாக எழுதுகிறவருக்குப் பக்கத்து நாற்காலி கிடையாது. நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு வரி அவருக்கு ஒரு ராத்திரி.

படி 10: மாற்றும்போது

பதிப்பு எண்ணை மூன்று பகுதியாக வைக்கும் வழக்கத்தை டாம் பிரெஸ்டன்-வெர்னர் விதிகளாக எழுதி வைத்திருக்கிறார். செமான்டிக் வெர்ஷனிங் என்று பெயர். முதல் எண் கூடினால் பழைய அழைப்புகள் உடையலாம். நடு எண் கூடினால் புதியது சேர்ந்திருக்கிறது, பழையது உடையாது. கடைசி எண் கூடினால் பிழை மட்டும் திருத்தப்பட்டிருக்கிறது. இதை மதித்து நடங்கள். கூடவே ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்று ஒரு கோப்பு.

ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றினால் பழைய பெயரையும் கொஞ்ச காலம் ஓட விட்டு, எச்சரிக்கை மட்டும் கொடுங்கள். பைத்தானில் இதற்கான டெப்ரிகேஷன்வார்னிங் என்ற எச்சரிக்கை இயல்பாக எல்லாருக்கும் தெரியாது. 3.7 முதல், பயனர் நேரடியாக ஓட்டும் கோப்பிலிருந்து எழுந்தால் மட்டும் தெரியும். அதற்கும், எச்சரிக்கை எந்த வரியைச் சுட்ட வேண்டும் என்று சொல்லும் ஸ்டாக்லெவல் என்பதை 2 என்று வைக்க வேண்டும். வைக்காவிட்டால் எச்சரிக்கை உங்கள் லைப்ரரி வரியைச் சுட்டி நின்று, பயனர் கண்ணில் படாமலே போய்விடும்.

இவ்வளவு செய்தும் சறுக்கினேன். பழைய பதிப்பில் விடையின் கடைசியில் ஓர் இடைவெளி தவறுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிழைதானே என்று எடுத்துவிட்டுக் கடைசி எண்ணை மட்டும் ஏற்றினேன். மறுநாள் சித்தி மகனிடமிருந்து பில்லின் படம் வந்தது: "இருநூறு ரூபாய்மட்டும்". அந்த இடைவெளியை நம்பி அவன் 'மட்டும்' என்பதை நேராக ஒட்டியிருந்தான். கூகுளில் வேலை செய்த ஹைரம் ரைட் பெயரால் இதற்கு ஒரு விதியே உண்டு: பயன்படுத்துவோர் போதிய அளவு பெருகினால், ஆவணத்தில் நீங்கள் என்ன உறுதி கொடுத்திருந்தாலும், வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார். எனக்குப் பெருகக்கூட வேண்டியிருக்கவில்லை, ஒரே ஓர் ஆள் போதும் என்றாகிவிட்டது. டாக்டெஸ்ட் உதாரணத்தை அப்போதே எழுதி வைத்திருந்தால் மேற்கோள் குறிக்கு முன்னால் அந்த இடைவெளி முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

படி 11: ஒருவர் முன்னால் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வது

புதுப் பதிப்பு முடிந்ததும் அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். சித்தி வீட்டு முன்னறையில் அவன் லேப்டாப்பில் ரீட்மீயைத் திறந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எதுவும் பேசுவதில்லை என்று முடிவு. இது கஷ்டமான படி. கை தானாக நீளும், "அங்க கீழ பாரு" என்று வாய் வரும். அவன் எங்கே நிற்கிறான், எங்கே மேலும் கீழும் உருட்டுகிறான் என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவன் தடுமாறும் இடத்தில் உங்கள் ஆவணம் தடுமாறியிருக்கிறது.

நான் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய முதல் வாக்கியத்தை அவன் படிக்கவே இல்லை. கண் நேராக உதாரணத்துக்குப் போயிற்று. எடுத்து ஒட்டினான், ஓடியது. 1250.5 கொடுத்துப் பார்த்தான், எரர் செய்தி வந்தது, அதில் இருந்த வரியையே எடுத்து ஒட்டிக்கொண்டான். சித்தி காபி கொண்டு வருவதற்குள் பில்லில் தொகை எழுத்தில் வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, மூட்டையத் திருப்பி எடுத்தா பில்லுல மைனஸ்லலா வரும். அதக் குடுத்தா என்ன சொல்லும்?"

தெரியாது. ஆவணத்திலும் இல்லை. கொடுத்துப் பார்த்தோம். 'ரூபாய்' என்று மட்டும் வந்தது, முன்னால் ஒன்றும் இல்லை.

காண்டிகைக்கு வினா விடையும் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பகுதியில் ஏறிய முதல் வினா இதுதான். விடையை எழுத உட்கார்ந்தபோது, அதற்கு முன்னால் ஃபங்ஷனைத் திருத்த வேண்டியிருந்தது.